கைதட்ட மட்டுமா நாடக ரசிகன்?

நாடக விருது விழாவில் ரசிகனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நம்மிடையே இரு சாராராக உள்ளனர். விருது என்பதே வீண் பகட்டு, கலைஞனுக்குக் கலையே பரிசு என்பவர் ஒரு சாரார். விழா கலைஞருக்கும் பிரமுகருக்கும் உரியது, ரசிகன் வந்தால் நாற்காலி நிரம்பும், அவ்வளவே என்பவர் மறு சாரார். முன்னவர் தம் கருத்தை வாய்விட்டுச் சொல்கின்றனர். பின்னவர் சொல்வதில்லை, நாற்காலிகளை வரிசைப்படுத்தும் முறையிலேயே காட்டிவிடுகின்றனர். இவ்விரு சாராரையும் மறுக்கவே இதனை எழுதுகிறேன்.

நான் நடிகன் அல்லன். நாடக ஆசிரியனும் அல்லன். துறைமுகமும் இரயில் நிலையமும் அடுத்திருக்கும் பாகான் டாலாமில் குடியிருந்துகொண்டு, எங்கேனும் தமிழ் நாடகம் நடக்கிறது எனக் கேள்வியுற்றால் படகேறியோ பாலம் கடந்தோ போய்ப் பார்த்துவிட்டு வரும் வெறும் ரசிகன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

நம் விருது விழாக்களின் நடைமுறை வாசகர் அறியாததன்று. ஏழு மணி என்று அழைப்பிதழ் கூறும். எட்டு மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றப்படும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என உரைகள் தொடரும். உரைக்கு ஒரு பொன்னாடை, பொன்னாடைக்கு ஒரு படம். இடையில் இளையோர் சிலர் திரைப்படப் பாட்டுக்கு ஆடுவர். (நாடகத்துக்கான விழாவில் நாடகம் தவிர மற்றெல்லாம் மேடையேறுவதில் நமக்கு வியப்புத் தோன்றாமற் போனது எப்போது?) பிரமுகர் விடைபெற்ற பின்னர், அரங்கில் பாதி காலியான வேளையில், விருதுகள் கடகடவென்று வழங்கப்படும். பெயர், கைதட்டல், கேடயம், படம், அடுத்தவர். கடல் கடந்து வீடு திரும்ப வேண்டிய எங்களைப் போன்றோர் அதற்குள் எழுந்து போயிருப்போம். கடைசிப் படகு எவருடைய சிறப்புரைக்காகவும் காத்திருப்பதில்லை.

அவ்வாறான ஒரு விழாவில் ஒரு நடிகைக்குச் சிறந்த துணை நடிகை விருது தரப்பட்டது. அவர் நடித்த நாடகத்தை அதற்குச் சில திங்களுக்கு முன் ஒரு பள்ளி மண்டபத்தில் நான் பார்த்திருந்தேன். நாற்பது பேர் இருந்திருப்போம். தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டைக் காலி செய்யவேண்டிய நாளில், பாட்டி வேடமேற்ற அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கொடியில் கிடந்த ஒரு சேலையை எடுத்து மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. உதறி மீண்டும் மடித்தார். மூன்றாம் முறையும் மடித்தார். மண்டபத்தில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. அந்த நாடகத்தில் அதுவே உச்சம். ஆனால், விழாவில் அந்தச் சேலையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. எந்த நாடகத்துக்காக அந்த விருது என்பதுகூட அறிவிப்பாளரின் தாளில் இல்லை. கேடயத்தைப் பெற்றுக்கொண்டு அவர் படி இறங்கினார். அதே வாரத்துச் செய்தியில் பிரமுகரின் பெயர் இருந்தது.

இதிலுள்ள இழப்பு அந்த அம்மையாருடையது மட்டுமன்று. கவிதை அச்சில் இருக்கிறது; சிற்பம் கல்லில் இருக்கிறது; திரைப்படம் சுருளிலோ வட்டிலோ இருக்கிறது. நாடகமோ விளக்கணைந்ததும் இல்லாமற் போகிறது. ஒளிப்பதிவு உண்டே என்பர். கூடத்தின் கடைசியில் நிறுத்திய கருவி சேலையைக் காட்டும். நாற்பது பேர் மூச்சடக்கியதைக் காட்டாது. ஆகவே, பார்த்தவர் சொல்லும் சாட்சியமே நாடகத்துக்குப் பின்வாழ்வு. விருது விழா என்பது, முறையாக நடந்தால், அச்சாட்சியத்தைச் சபையறியப் பதிவு செய்யும் இடம். அங்கே ரசிகன் விருந்தாளி அல்லன், சாட்சி. சாட்சியைப் பின்வரிசையில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்லும் வழக்குமன்றம் எங்கேனும் உண்டா?

பழங்கிரேக்கத்து ஏதென்சு நகரத்தார் இதனை நன்குணர்ந்திருந்தனர். டயோனிசசுக் கடவுளின் பெருவிழாவில் நாடகங்கள் போட்டியாக நடந்தன. பத்துக் குலத்துக்கும் ஒருவராகப் பத்து நடுவர்கள், அறிஞர் என்றோ செல்வர் என்றோ பாராமல், சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட குடிமக்களாகவே இருந்தனர். பார்வையாளரின் ஆரவாரமும் கூச்சலும் அவர்கள் காதில் விழாமற் போகவில்லை. வென்றவரின் பெயரும் ஆண்டும் ஏட்டில் ஏறின. பின்னர்க் கல்லிலும் பொறிக்கப்பட்டன. அதனாலன்றோ, கி.மு. 472-இல் ஈஸ்கிலசின் 'பாரசீகர்' பரிசு பெற்றதும், அதற்குச் செலவேற்றவர் இளைஞராயிருந்த பெரிக்ளீசு என்பதும் இன்று நமக்குத் தெரிகின்றன. கி.மு. 449 முதல் நடிகர்க்கும் தனிப் பரிசு ஏற்பட்டது. சோஃபக்ளீசின் 'ஈடிப்பசு மன்னன்' முதற்பரிசு பெறவில்லை என்பதும் பழங்குறிப்புகளால் தெரிகிறது. ஆக, நடுவர் தவறினாலும் அத்தவறும் மறையவில்லை. நம் நடுவர்கள் தவறினால் அது எவருக்குத் தெரியும்?

கிரேக்கம் எதற்கு, நம் வீட்டிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்றது, ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஒவ்வொருவரின் தகுதி, அரங்கின் நீள அகல உயரம், எழினிகளின் வகை, ஆடிய முறை என்று இளங்கோவடிகள் விரித்துக்கொண்டே போகிறார். தலைக்கோலிப் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் இறுதியில் சில அடிகளில் முடிந்துவிடுகின்றன. ஏன் கொடுத்தான் அரசன் என்பதற்குக் காதை முழுவதும்; என்ன கொடுத்தான் என்பதற்குச் சில அடிகள். நாம் அந்த விகிதத்தைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலில் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, இராசராசேசுவர நாடகம் ஆடியதற்காக ஒரு சாந்திக்கூத்தனுக்கும் அவன் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. நாடகத்தின் பெயர், ஆடியவன் பெயர், ஆடவேண்டிய திருவிழா, அளக்கும் நெல் எல்லாம் அதில் உள்ளன. நம் கேடயங்களில் இவற்றுள் எத்தனை பொறிக்கப்பட்டுள்ளன?

விருதே வேண்டாம் என்பாருக்கும் ஒரு சொல். 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளுக்கு எந்த அரசு விருது கிடைத்தது, அதனால் அவர் பெருமை குறைந்ததா என்று வினவுவர். குறையவில்லைதான். ஆனால், அவர் எழுதியவற்றுள் பல நாடகங்கள் இன்று கிடைக்கவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1959-இல் பத்மபூஷண் பெற்றார் என்பதைவிட, 'நாடக மேடை நினைவுகள்' என்று தாம் கண்டதையும் செய்ததையும் எழுதிவைத்தார் என்பதே நமக்குப் பெரிது. சுகுண விலாச சபையின் பழைய இரவுகளை இன்று நாம் அறிவது அதனாலேயே. எழுதப்படாத பாராட்டு பாராட்டுப் பெற்றவரோடு போய்விடும்.

ஏற்பாட்டாளர்களின் மறுமொழியையும் அறிவேன். நேரமில்லை என்பார்கள். ஒரு வாழ்த்துரையின் நேரத்தில் ஐந்து விருதுகளுக்கான காரணத்தைப் படித்துவிடலாம். காரணம் சொன்னால் பகை வளரும் என்பார்கள். சொல்லாததால் பகை வளரவில்லையா? விழா முடிந்த பிறகு உணவு மேசையருகே கேட்கும் முணுமுணுப்பு வேறு என்ன? நன்கொடையாளரைத் திருப்திப்படுத்த வேண்டும் என்பார்கள். இதில் மட்டும் உண்மை இருக்கிறது. கோலாலம்பூரில் 2000-களில் தோன்றிய போ கேமரோனியன் கலை விருதுகள் ஒரு தேயிலை நிறுவனத்தின் பெயரையே தாங்கின. கேமரன் மலையில் அத்தேயிலையைக் கிள்ளிய கைகள் யாருடையவை என்பதை இந்நூலின் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நன்கொடை பெறுவது குற்றமன்று. நன்கொடையாளரின் பெயர் மேடையின் மேல் இருக்கட்டும். நாடகத்தின் மேல் இருக்கவேண்டாம்.

செய்ய முடியாததையும் நான் கேட்கவில்லை. இலண்டனில் 1976-இல் தொடங்கிய ஒலிவியர் விருதுகளில், துறைசார்ந்தவரோடு பொதுமக்களுள் நாடகம் பார்ப்போர் சிலரும் நடுவராக அமர்கின்றனர். டில்லியின் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர்களைக் கொண்டு விழாவையொட்டி நிகழ்ச்சிகளும் நடத்துவது அங்குள்ள வழக்கம். பெற்றவர் ஏன் பெற்றார் என்பதைச் சபை தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறது. நம் விழாவிலும் திரைப்பட ஆட்டத்துக்குக் கொடுக்கும் பத்து நிமிடத்தை, பரிசு பெற்ற நாடகத்தின் ஒரு காட்சிக்குக் கொடுக்கலாகாதா? அந்தச் சேலையை மீண்டும் ஒருமுறை மடிக்கச் சொல்லியிருக்கலாகாதா?

ரசிகன் சொல்வதை யார் கேட்பார் என்று சோர்வடைவோர் பினாங்கின் வரலாற்றைப் புரட்ட வேண்டும். பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் ஆட்டத்தைக் கண்டு மயங்கிய இத்தீவினரிடமிருந்தே 1880-களில் பங்சாவான் பிறந்தது. அதன் முதற்குழுவை அமைத்தவராக அறியப்படும் மாமாக் புஷியின் பெயரே அவர் யாரினத்தவர் என்பதைக் காட்டும். பார்த்தவர்கள் ஒரு கலையையே உண்டாக்கிய ஊர் இது. பின்னர் அப்பங்சாவானின் வரலாற்றை எழுதிய பேராசிரியர் டான் சூய் பெங், பழைய நாளிதழ்க் குறிப்புகளையும் இசைத்தட்டுகளையும் தேடிச் சேர்த்தே அதனைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. நாளை நம் தமிழ் மேடையின் வரலாற்றை எழுத வருபவர் எதனைத் தேடுவார்? பிரமுகர் நடுவில் நிற்கும் படங்களையா?

ஆகவே, ரசிகப் பெருமக்கள் விழாவுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால், நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். பார்த்த அன்றிரவே நாளையும் இடத்தையும் நடித்தவர் பெயரையும், மனத்தில் நின்ற ஒரு காட்சியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பிதழ் கைக்கு வந்ததும் அதில் அச்சிட்ட எண்ணுக்குத் தொலைபேசி செய்து, நடுவர் அறிக்கை எத்தனை மணிக்குப் படிக்கப்படும் என்று கேளுங்கள். அப்படியொன்று இல்லை என்று மறுமுனையில் விடை வந்தால், உங்கள் குறிப்பேட்டின் படியொன்றை விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே செயலாளரின் முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.