விலைச்சீட்டைப் பார்த்து வந்த கோபம்

சமூகம், அரசியல் என்று பேசும் ஓவியக் கண்காட்சி எங்கே நடந்தாலும் ஒரு குரல் தவறாமல் எழும். "மக்கள் வரிப்பணத்தில் இந்தக் குப்பையா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இதே கேள்வியை வைத்து ஒரு அரசாங்கமே தன் மக்களை ஏமாற்றியிருக்கிறது!

1937 ஜூலை 19. ஜெர்மனியின் மியூனிக் நகரில் "சீரழிந்த கலை" என்ற பெயரில் நாஜிகள் ஒரு கண்காட்சியைத் திறந்தார்கள். அரசு அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த சுமார் 650 படைப்புகள். படங்களை நெருக்கியடித்து மாட்டி, சுவரெல்லாம் கேலி வாசகங்கள் எழுதி வைத்தார்கள். அனுமதி இலவசம். அந்த ஊரில் மட்டும் 20 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

இதில் பெரிய தில்லுமுல்லு எது தெரியுமா? விலைச்சீட்டு! பல படங்களின் பக்கத்தில் அருங்காட்சியகம் கொடுத்த விலையை எழுதி, உழைக்கும் மக்களின் வரிப்பணம் என்றும் சேர்த்துப் போட்டார்கள். பார்த்தவர்களுக்கு வயிறு எரியாதா என்ன? ஆனால் அவற்றில் பல, பணவீக்கம் தலைவிரித்தாடிய 1920களின் ஆரம்பத்தில் வாங்கியவை. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! காகிதத்தில் பெரிய தொகை, கையில் ஒன்றுமில்லை. அந்த ஒரு விவரத்தை மட்டும் சீட்டில் சொல்லவில்லை.

படம் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. முகம் சுளிக்கலாம், திட்டலாம், பாதியில் வெளியே போகலாம். ஆனால் அது படத்தைப் பார்த்து வந்த கோபமாக இருக்க வேண்டும். மியூனிக்கில் பலருக்கு வந்தது விலைச்சீட்டைப் பார்த்து வந்த கோபம். அவர்கள் என்ன நினைக்க வேண்டும் என்பதை வேறு யாரோ முன்கூட்டியே சுவரில் எழுதிவிட்டார்கள்.

குப்பை என்றார்களே, குப்பையில் போட்டார்களா? ஆயிரக்கணக்கில் எரித்தார்கள் என்கிறார்கள். ஆனால் விலை போகும் என்று தெரிந்ததை எரிக்கவில்லை! 1939 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் ஏலம் விட்டு அந்நியச் செலாவணி பார்த்தார்கள். மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்த வான்கோவின் சுய உருவப்படம் ஒன்று மட்டும் 1,75,000 பிராங்குக்குப் போனது. கோபம் மக்களுக்கு, வரவு அரசுக்கு!

அடுத்த முறை யாராவது "வரிப்பணம்" என்று கொதித்தால் இரண்டே கேள்விகள் போதும். படத்தைப் பார்த்தீர்களா? அந்த விலை எந்த வருடத்து விலை?