கும்மிடிப்பூண்டிக்கு அறிவியல் விழா எதற்கு என்பவர்களுக்கு

கும்மிடிப்பூண்டியில் குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி ஓர் அறிவியல் நிகழ்ச்சி வைத்தால் யார் வருவார்கள்? இதைக் கேட்பவர்கள் பதிலையும் கையோடு வைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் ஷிப்ட் வேலைக்காரர்கள், கிடைக்கிற ஒரு நாள் லீவில் தூங்கத்தான் பார்ப்பார்கள். ஆர்வமுள்ளவர்கள் சென்னைக்கு வந்துகொள்ளலாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதோடு, இரும்பு உருக்கும் ஊரில் காட்டுவதற்குத்தான் என்ன இருக்கிறது? அதிகாரிகளிடமும் ஆசிரியர்களிடமும் நிகழ்ச்சி நடத்துகிற நல்ல மனிதர்களிடமும் இந்தப் பேச்சு ஊறிப்போயிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களே இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வருத்தம் அதிகமாகிறது. இதில் ஒரு வரியைக்கூட நான் ஏற்கவில்லை.

"சென்னைக்கு வந்துகொள்ளலாம்" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் 1988 முதல் இருக்கிறது. கணித அறிவியல் நிறுவனம் 2016இல் தொடங்கி நடத்திவரும் அறிவியல் சபை நிகழ்ச்சி மியூசிக் அகாடமியில் நடந்திருக்கிறது. இரண்டும் அருமையானவை. ஆனால் இரண்டுமே நகரத்தின் தென்பாதியில் உள்ள இடங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வர ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்து, கோட்டூர்புரத்தில் இறங்கி நடக்க வேண்டும். போகவர நாளில் பாதி போய்விடும். இரண்டு பிள்ளைகளையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு இதைச் செய்ய ஆர்வம் மட்டும் போதாது. வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழ வேண்டும், மறுநாள் காலை ஆறு மணி ஷிப்ட் இருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் அரசு சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குள் வந்தது. நிலத்துக்கும் சாலைக்கும் கட்டட அனுமதிக்கும் நாம் பெருநகரம் என்றால், கோளரங்கத்துக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆர்வமில்லை என்ற பேச்சு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் ஆரம்பாக்கம், எளாவூர், பழவேற்காடு மொட்டைமாடிகளைப் பார்த்தவர் யாரும் இப்படிப் பேச மாட்டார். சந்திரயான்-3 கிளம்பிய 2023 ஜூலை 14ஆம் தேதி பிற்பகலை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் லேசில் மறக்க மாட்டார்கள். ஏவுதளம் கும்மிடிப்பூண்டியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிடும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். பெரிய ராக்கெட்டாக இருந்து, காற்றும் ஒத்துழைத்தால், அதன் உறுமல் காதுக்கு எட்ட நூறு விநாடிக்கு மேல் ஆகும். தீப்பிழம்பு தெரிந்ததும் அம்மா செல்போனில் நேரத்தை ஓடவிட, உறுமல் கேட்டதும் பிள்ளை கத்த, விநாடியை 340ஆல் பெருக்கிப் பார்த்தால் ஏவுதளத்தின் தூரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். இந்தச் சோதனையை வீட்டு மாடியில் செய்கிற வாய்ப்பு நாட்டில் எத்தனை ஊருக்கு உண்டு? இங்கே குறைவது அந்த மாடிகளுக்கு முன்தினமே வந்து இதைச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆள். ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் பார்க்கவென்று 2019இல் திறந்த காட்சிக்கூடத்துக்குச் சென்னையிலிருந்து காரில் குடும்பங்கள் நம் ஊரைத் தாண்டித்தான் போகின்றன.

தமிழ்நாட்டின் அனுபவமும் இந்தப் பேச்சுக்கு எதிராகவே இருக்கிறது. 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987இல் 'துளிர்' இதழைத் தொடங்கியதும் அந்த ஆண்டின் அறிவியல் கலைப்பயணத்தில் இறங்கியதும் படித்த நடுத்தர வர்க்கத்தை மட்டும் நம்பி அல்ல. அடுத்து வந்த அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டையின் கல் குவாரிப் பெண்கள் இரவில் எழுத்தும் பகலில் சைக்கிளும் கற்றார்கள். அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில், அவர்களுக்கு ஒழிந்த நேரத்தில் வகுப்பு நடந்தது. 2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்துக்குத் தெருவில் நின்று கண்ணாடி வழியே பார்த்தவர்களில் எத்தனை பேர் கூலிக்காரர்கள், எத்தனை பேர் காய்கறி விற்பவர்கள் என்பது அன்று தெருவில் நின்ற எவருக்கும் தெரியும்.

"பள்ளிக்கூடம் இருக்கிறதே, இதற்கு மார்க்கா வரப்போகிறது?" என்பது பெற்றோரே கேட்கும் கேள்வி. நியாயமான கவலைதான். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைகளைக் கொண்டுபோகும் வானவில் மன்றம் 2022 நவம்பர் 28இல் தொடங்கியது. அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அங்கே அப்பா இல்லை. இந்த ஊரில் அப்பாவுக்குத் தெரிந்த அறிவியல் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கூடுதல் என்பதுதான் எல்லோரும் மறந்துபோகும் விஷயம்.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஸ்பாஞ்ச் அயர்ன் உலையில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தாதுவையும் நிலக்கரியையும் சேர்த்துச் சுழலும் உலையில் ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஆகவே தாது உருகுவதில்லை. கரியிலிருந்து வரும் வாயு தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. ஆக்சிஜன் விட்டுப்போன இடமெல்லாம் நுண்துளை. அந்தத் துளைகளால்தான் அதற்கு அந்தப் பெயர். மகள் பத்தாம் வகுப்பில் 'ஒடுக்க வினை' என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். பக்கத்து ஆலையில் இண்டக்‌ஷன் உலை. தீயே இல்லாமல், தாமிரச் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் பழைய இரும்பை உருக்குகிறது. ஈரமான ஸ்கிராப்பை உலையில் போடவே கூடாது என்று அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். காரணம், தண்ணீர் நீராவியாகும்போது அதன் பருமன் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகி, உருகிய இரும்பையே வாரி வீசும். பாடத்தில் இது ஒரு வரி. அப்பாவுக்கு இது உயிர். ஒரு நிகழ்ச்சியில் அந்த அப்பாவை மேசைக்குப் பின்னால் நிறுத்தி, கையில் ஒரு ஸ்பாஞ்ச் அயர்ன் துண்டைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். அன்றைக்கு மகள் அவரைப் பார்க்கும் பார்வையை எந்த மார்க்கும் தராது. அதன் பிறகு வேதியியல் மார்க்கும் கூடினால் ஆச்சரியப்படவும் வேண்டாம்.

இங்கே வேலை பார்ப்பவர்களில் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஊரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் பல்லாண்டுகளாக இருக்கிறது. இவர்கள் பிள்ளைகளுக்குப் புதிய ஊரில் கூச்சமின்றி நின்று பேசும் இடம் அதிகம் இல்லை. இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல இரண்டு தன்னார்வலர்கள் இருந்தால் போதும், மற்றதைச் சோதனையே பேசிக்கொள்ளும்.

காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பவர்களுக்குப் பதில் சொல்லும்போது எனக்கு இடம்தான் போதவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம். பூண்டிக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, அதே ஆண்டில் வில்லியம் கிங்கோடு இங்கே வந்தார். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் இந்த மண்ணைப் பல ஆண்டுகள் அகழ்ந்து, 2011இல் இங்குள்ள கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள். எப்படித் தெரிந்தது? விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரையில் கிடக்கும் குவார்ட்சைட் கல்லில் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் புதைந்தால் புதியவை உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும், இருப்பவை வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிச்சத்தின் விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் கிடைக்கும். 2018இல் அதே குழு, 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கருவி செய்யும் முறை மாறியிருந்ததையும் காட்டியது.

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கே ஒரு கைக்கோடரியை நிதானமாகப் பாருங்கள். அடிப்பக்கம் உள்ளங்கைக்கு அடக்கமாகத் தடித்திருக்கும், நுனி மெலிந்து கூராகும். இரு பக்கமும் சில்லு பெயர்ந்த பள்ளங்கள். எந்தப் பள்ளம் எதன் மேல் விழுந்திருக்கிறது என்று விரலால் காட்டிக்கொண்டே போனால், எந்த அடி முதலில், எந்த அடி கடைசியில் என்பதை எட்டு வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும். (களத்தில் கிடக்கும் கல்லை யாரும் எடுத்துவரக் கூடாது என்பதை அதே மூச்சில் சொல்லிக்கொடுக்க வேண்டும். எடுத்துவிட்ட கல்லுக்கு வயதும் போய்விடும்.)

கிழக்கே பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்பதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நான் சொல்வது அதைவிட எளிது. ஒரு லிட்டர் ஏரித் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சும் உப்பை மளிகைக்கடை டிஜிட்டல் தராசில் நிறுக்கலாம். கடல்நீரானால் 35 கிராம் அளவுக்கு வரும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை செய்தால் ஏரியின் ஆண்டுக் கணக்கு வீட்டுச் சமையலறையில் தெரிந்துவிடும். முகத்துவாரம் தூர்ந்தால் உப்பு எப்படி மாறும், இறால் எங்கே போகும் என்பதைச் சொல்ல மீனவர்களை அழையுங்கள். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு முறையில் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறவர்கள் அவர்கள், ஏரியை அளந்து வைத்திருப்பவர்கள்.

இதற்குக் கட்டடமும் கோடிகளும் வேண்டும் என்பதும் தவறு. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு நாளும் கும்மிடிப்பூண்டியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில், நட்ட கம்பத்துக்கு நிழலே இராது. ஆலை வாசலில் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தினால் போதும், செலவு ஒன்றுமில்லை. செலவு வேண்டிய இடத்துக்குப் பணமும் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கல்வி அந்தப் பட்டியலில் உண்டு.

கடைசியாக ஒரு மறுப்பு, மெல்லிய குரலில் சொல்லப்படுவது. ஜனங்களுக்கு அளவீடுகளைக் கற்றுக்கொடுத்தால் புகையைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், வீண் பீதி கிளம்பும் என்பது. கேட்கட்டும், அது அவர்கள் உரிமை. அந்தோணி பிள்ளை நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றளவு நிலையம் இருக்கிறது. அதன் எண்கள் இணையத்தில் பொதுவில் வருகின்றன. நுண்துகள் பிஎம் 2.5க்கு இந்திய வரம்பு 24 மணி நேரத்துக்குக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. இந்த எண்களை வாசிக்கத் தெரிந்த அம்மா, எந்தக் காலையில் பிள்ளையை வெளியே விளையாட விடலாம் என்று தானே முடிவு செய்வாள். பீதி, தெரியாதவர்களுக்குத்தான் அதிகம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த பிரிவு, ஆபத்தான தொழில் நடக்கும் ஆலை தன் ஆபத்துகளைத் தொழிலாளருக்கு மட்டுமின்றிச் சுற்றுப்புறத்து மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தக் கடமையைச் செய்ய, குடும்பங்கள் கூடுகிற ஓர் அறிவியல் மாலையைவிட நல்ல மேடை எது?

வருடத்துக்கு ஒரு நாள் பந்தல் போட்டு, சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும் விழாவை நான் கேட்கவில்லை. அதனால் பயன் கொஞ்சம்தான், அதில் விமர்சகர்களோடு உடன்படுகிறேன். மாதம் ஒரு முறை, அரசுப் பள்ளி மைதானத்தில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை நடக்கட்டும். இரவு ஷிப்ட் வாரமும் பகல் ஷிப்ட் வாரமும் மாறி மாறி வருவதால் ஒவ்வொரு மாதமும் கிழமையையும் மாற்ற வேண்டும். ஒரு தொலைநோக்கி, ஒரு தராசு, அகழ்வைப்பகத்திலிருந்து ஒருவர், பழவேற்காட்டிலிருந்து ஒரு மீனவர், உலையடியிலிருந்து ஓர் அப்பா. முதல் கூட்டத்தை நிழலில்லா நாளை ஒட்டி ஏப்ரல் கடைசியில் வைக்கலாம், அந்த மாதம் வானமும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.