குழிக்குள் போனவன் பெயர் எங்கே?

நிலக்கரி என்றதும் நம் மனக்கண்ணில் தெரிவது ராட்சத இயந்திரங்களும் மைல் கணக்கில் பரந்து கிடக்கும் திறந்தவெளிச் சுரங்கங்களும்தான். இன்று இந்தியாவில் எடுக்கப்படும் கரியில் மிகப் பெரும் பகுதி அப்படித்தான் வருகிறது. ஆனால் பத்து இருபது பேர் கூந்தாலியும் கையுமாகப் பூமிக்கடியில் ஊர்ந்து போய்க் கரி வெட்டும் சின்னஞ்சிறு சுரங்கங்களும் இந்த நாட்டில் இருக்கின்றன. மேகாலயாவில் ஜெயந்தியா மலைப் பகுதியிலும், அதை ஒட்டிய அசாம் மலைகளிலும் காணப்படும் இவற்றுக்கு எலிவளைச் சுரங்கம் என்று பெயர். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது.

அங்கே ஒரு நாள் வேலை எப்படி நடக்கிறது? கிணறு போல நேர்கீழாக ஒரு குழி. நூறு அடி, இருநூறு அடி, சில இடங்களில் முந்நூறு அடிக்கும் மேல் ஆழம். இறங்குவதற்கு மூங்கிலாலும் மரத்தாலும் கட்டிய ஏணி. கரிப் படிவம் தட்டுப்பட்டதும் குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் வளைகள் தோண்டப்படும். வளையின் உயரம் இரண்டடி, மூன்றடி. நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. தொழிலாளி குந்தியபடியோ, ஒருக்களித்துப் படுத்தபடியோ கரியைக் கொத்துகிறான். கொத்தியதைச் சிறிய தள்ளுவண்டியில் வாரிப்போட்டு, குனிந்தபடியே குழியின் அடிக்குத் தள்ளி வருகிறான். கிரேன் அதை மேலே தூக்குகிறது. வெளிச்சத்துக்குத் தலையில் கட்டிய டார்ச் விளக்கு. காற்றுக்கு விசிறி இல்லை. ஆபத்தென்றால் ஓட இரண்டாவது வழி இல்லை. எத்தனை வண்டி கரியோ அத்தனை கூலி. ஆகையால் எட்டு மணி நேரக் கணக்கெல்லாம் அங்கே கிடையாது. கூரைக்கு முட்டுக் கொடுக்கும் நேரமும் கூலியில்லாத நேரமே.

இத்தனை குறைகளுக்கும் நடுவே எனக்கு மிகப் பெரிதாகப் படும் குறை வேறொன்று. இந்தக் குழிக்குள் இன்று காலை யார் யார் இறங்கினார்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை. குமாஸ்தா புத்தியோடு பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். நினைத்தால் தவறில்லை. பதிவேட்டின் அருமை குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

ஜாரியாவிலோ, ராணிகஞ்சிலோ, சிங்கரேணியிலோ முறைப்படி நடக்கும் ஒரு சிறிய சுரங்கத்தின் வாசலை எண்ணிப் பாருங்கள். ஷிப்டுக்கு வரும் தொழிலாளி முதலில் ஹாஜரி கொடுக்கிறான். அடுத்து விளக்கு அறைக்குப் போய் டோக்கனைக் கொடுத்து, தன் எண்ணுள்ள தொப்பி விளக்கை வாங்கி மாட்டிக்கொள்கிறான். அவனுக்கு முன்பே சர்தார் கீழே போய், கூரையைத் தடியால் தட்டி, அது கெட்டியான ஓசை கொடுக்கிறதா, பொத்தல் ஓசை கொடுக்கிறதா என்று கேட்டு, விஷவாயு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு வரவேண்டும். துளை போடுவதும், வெடி வைப்பதும், புகை அடங்கிய பிறகு கரியை வாருவதும் அதற்குப் பின்தான். ஷிப்டு முடிந்து எல்லாரும் மேலே வந்த பிறகு ஒரு விளக்கு மட்டும் தன் இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் ஒரு மனிதன் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். உடனே தேட ஆரம்பிப்பார்கள்.

இது தொழிலாளிக்கு எவரும் காட்டும் சலுகை அல்ல. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே பூமிக்கடியில் வேலை செய்வோருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வரம்பு வைத்தது. அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும் விதித்தது. அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பது விபத்து நாளன்றுதான் தெரியும்.

1989ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி ராணிகஞ்ச் பகுதியில் மஹாவீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. அப்போது கீழே இருந்தவர்கள் 220 பேர். வெளியே வர இயலாமல் சிக்கிக்கொண்டவர்கள் 71 பேர். அவர்களில் 6 பேர் இறந்தார்கள். மீதி 65 பேரையும், மேலிருந்து துளையிட்டு, ஒரு இரும்புக் கூண்டை இறக்கி, ஒருவர் பின் ஒருவராக மேலே கொண்டுவந்தார்கள். அந்தக் கூண்டில் தாமே இறங்கி மீட்பை நடத்திய பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில்லை நாடு இன்றும் பாராட்டுகிறது. அவருடைய துணிவுக்குப் பின்னால், இன்னும் எத்தனை பேர் கீழே இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய ஒரு கணக்கும் இருந்தது.

இதற்கு நேர்மாறானது க்ஸான் விபத்து. 2018ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி மேகாலயாவின் கிழக்கு ஜெயந்தியா மலை மாவட்டத்தில் க்ஸான் என்ற இடத்தில் எலிவளைச் சுரங்கத்துக்குள் வெள்ளம் பாய்ந்தது. உள்ளே சிக்கியவர்கள் முதலில் 13 பேர் என்றார்கள். பிறகு 15 பேர் என்றார்கள். கடற்படை வீரர்கள்கூட வந்து தேடினார்கள். பல வாரத் தேடலுக்குப் பின் கிடைத்தவை இரண்டு உடல்கள் மட்டுமே. பக்கத்தில் எந்தப் பழைய குழியில் எவ்வளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று சொல்ல வரைபடமும் இல்லை. பதிவேடும் காகிதம், வரைபடமும் காகிதம். இரண்டும் இல்லாத இடத்தில் மீட்க வந்தவர்கள் இருட்டில் கைவிட்டுத் துழாவ வேண்டியதாயிற்று.

இந்த வகைச் சுரங்கங்களுக்கு 2014 ஏப்ரலிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்துவிட்டது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. தடைக்குப் பின்தான் க்ஸான் நடந்தது. அதற்குப் பின், 2025 ஜனவரி 6ஆம் தேதி, அசாமில் திமா ஹசாவ் மாவட்டத்து உம்ராங்சோவில் மறுபடியும் வெள்ளம் புகுந்து 9 பேர் மாண்டார்கள். கடைசி உடல்களை வெளியே எடுக்க ஆறு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தடை உத்தரவு குழிகளை மூடவில்லை. குழிக்குள் போகிறவர்களைக் கண்ணுக்குத் தெரியாதவர்களாக ஆக்கியதுதான் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், அதே இடத்தில் கரிக்குக் காகிதம் இருந்தது. தடைக்கு முன்பே வெட்டிய கரியை எடுத்துச் செல்லலாம் என்று பலமுறை அவகாசம் தரப்பட்டது. லாரிக்கு அனுமதிச் சீட்டு உண்டு. கரிக்கு எடை உண்டு. ரயில்வேயில் நாங்கள் ஒரு வேகன் கரியை அனுப்பினால் வேகன் எண், எடை, அனுப்புகிறவர், பெறுகிறவர் எல்லாம் எழுதப்படும். ரசீது ஒருவரிடம், பிரதி கணக்குக்கு, பிரதி நிலையத்துக்கு. கம்ப்யூட்டர் வந்துவிட்ட இந்நாளிலும் முறை அதுதான். ஒரு வேகன் வழியில் காணாமல் போனால் எத்தனை கடிதம், எத்தனை விசாரணை! அந்தக் கரியை வெட்டியவன் காணாமல் போனால், அவன் அங்கே வேலை பார்த்தான் என்பதையே அவன் மனைவி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உடலும் கிடைக்காமல், பதிவும் இல்லாமல் போனால், காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ள நம் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. நஷ்ட ஈடு யாரிடம் கேட்பது? அதுவரை பிள்ளைகள் எதைச் சாப்பிடுவது?

இது ஏதோ மூலையிலுள்ள மலைக்காட்டில் நடக்கும் கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2023 நவம்பர் 12ஆம் தேதி உத்தராகண்டில் சில்க்யாரா சாலைச் சுரங்கப்பாதை இடிந்து விழுந்தது நினைவிருக்கும். அது அரசாங்கத்தின் பெரிய திட்டம். உள்ளே இருப்பவர்கள் 40 பேர் என்று முதலில் அறிவித்தார்கள். 41 பேர் என்று தெரிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. அந்த நாற்பத்தோராவது மனிதன் அத்தனை நாளும் கணக்கில் இல்லாமலே உள்ளே இருந்திருக்கிறான். கடைசியில் இயந்திரம் உடைந்துபோன பிறகு, மிச்சமிருந்த சில மீட்டர் இடிபாட்டைக் கையால் குடைந்து 41 பேரையும் மீட்க வழி செய்தவர்கள் எலிவளை வேலை தெரிந்த தொழிலாளர்களே. நாடே அவர்களைத் தோளில் தூக்கியது. அதே வேலையைக் கரிக்குழியில் செய்து செத்தால் அவர்களுக்கு ஒரு வரி எழுத ஆளில்லை.

தடை செய்த சுரங்கத்தில் பதிவேடு வைத்தால் திருட்டுத் தொழிலுக்கு முத்திரை குத்தியது போல ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. ஆளைப் பதிவது வேறு, குழிக்கு உரிமம் கொடுப்பது வேறு. நேபாளம், வங்காளம், அசாம் என்று எங்கிருந்தோ வந்து அந்த மலைகளில் தங்கும் தொழிலாளர்களின் பெயர், ஊர், வீட்டார் விவரம், அழைத்துவந்த சர்தாரின் பெயர் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் எழுதி வைக்கலாம். அப்படி எழுதினாலே எந்தக் குழி இன்னும் நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். தடையை உண்மையில் அமல்படுத்த நினைப்பவர்களுக்கும் அது உதவும். தெரியக் கூடாது என்று நினைப்பவர்களுக்குத்தான் அது இடைஞ்சல்.

இன்னொரு தயக்கம் தொழிலாளி பக்கத்திலிருந்தே வரும். நமக்கு அது புதிதல்ல. தங்கவயலில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிவு என்பது கம்பெனியார் கையில் தங்களைக் கட்டும் கயிறாகிவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானதே. பதிவேடு ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அது ஒருவருக்கே உதவும். சரக்கு ரசீதுக்கு உள்ளது போல ஆளின் பதிவுக்கும் பிரதி வேண்டும்: ஒன்று முதலாளியிடம், ஒன்று தொழிலாளர் அலுவலகத்தில், ஒன்று தொழிலாளியின் வீட்டில்.

பதிவேடு வெள்ளத்தைத் தடுத்துவிடாது என்பதும் உண்மை. 1975 டிசம்பர் 27ஆம் தேதி சாஸ்நாலாவில் 370க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அது முறைப்படி நடந்த பெரிய சுரங்கம். பெயர் எழுதுவது பாதுகாப்பின் கடைசிப்படி அல்ல, முதல் படி. எத்தனை பேர் என்று எழுதவேண்டி வந்தால்தான் அவர்களுக்கு எத்தனை விளக்கு, எத்தனை முட்டு, எத்தனை வழி என்ற கேள்வியும் எழும்.

கட்டட வேலைக்கும், பாதாளச் சாக்கடை வேலைக்கும், சுரங்கப்பாதை வேலைக்கும் வெளி மாநிலங்களில் இருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். வெளி மாநிலத் தொழிலாளிக்குக் காண்ட்ராக்டர் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் தரவேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நம்மில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்தோம்? 2021இல் வந்த இ-ஷ்ரம் அட்டை நல்லதுதான். ஆனால் நீங்கள் தொழிலாளி என்பதை அது சொல்லும். இன்று எந்தக் குழியில் இறங்கினீர்கள் என்பதைச் சொல்லாது. அதை மஸ்டர் ரோல்தான் சொல்லவேண்டும்.

ஆகவே தொழிலாளத் தோழர்கள் வேலையில் சேரும் அன்றே தம் பெயர் மஸ்டர் ரோலில் ஏறியதா என்று கேட்கவேண்டும். கேட்கத் தயங்கினால் நாலு பேராகச் சேர்ந்து கேட்கவேண்டும். வேலை இடம், காண்ட்ராக்டர் பெயர், போன் நம்பர் ஆகியவற்றை ஊருக்கு எழுதிப் போடவேண்டும். படித்து ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நம் போன்றவர்கள், பக்கத்துக் குடிசையில் இருக்கும் பத்துப் பேருக்காவது அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் போதும்.