ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்

கத்திரி பிறந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டு ஏசி பொய் சொல்லத் தொடங்கியது.

ரிமோட்டில் 24 வைக்கிறேன். மிஷின் முகத்திலும் 24 என்றே எரிகிறது. நாலைந்து நிமிடம் ஜில்லென்று வீசும். பிறகு மொட்டைமாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் உறுமல் அடங்கிவிடும். அதற்கப்புறம் வருவது வெறும் ஃபேன் காற்று. பத்து நிமிடம் கழித்து மறுபடி உறுமும், மறுபடி அடங்கும். பீரோ பக்கத்தில் மகள் மாட்டி வைத்த சின்ன தெர்மாமீட்டர் 32 காட்டுகிறது. திண்டிவனத்து மாடி அறையில் கத்திரி ராத்திரி பதினோரு மணிக்கு 32 இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தவணை கட்டி வாங்கிய ஏசிக்குக் கீழே 32 இருப்பதுதான் வயிற்றெரிச்சல்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா” என்றாள் மகள்.

இந்த ஒரு வாக்கியத்தை அடுத்த பன்னிரண்டு நாளில் எத்தனை வாயிலிருந்து கேட்டேன் என்று எண்ணி வைத்திருக்கிறேன். மகள், பக்கத்து வீட்டு அண்ணன், ஏசி விற்ற கடைப் பையன், 1800-இல் தொடங்கும் நம்பரில் பேசிய பெண், அந்தப் பெண் வருவதற்கு முன் பேசிய பதிவுக் குரல், நேரில் வந்த இரண்டு டெக்னீஷியன்கள், கனடாவில் இருக்கும் மைத்துனன். மொத்தம் எட்டு. ஊருக்கே ஒரே மருந்துச் சீட்டு.

செய்யாமல் இல்லை. ரிமோட்டில் அணைத்தேன். ஸ்டெபிலைசரில் அணைத்தேன். கடைசியில் கீழே போய் எம்சிபியையே இறக்கிவிட்டு, அரை மணி நேரம் அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டேன். ஒன்று கற்றுக்கொண்டேன்: அணைத்த உடனே போட்டால் கம்ப்ரசர் கிளம்பாது. ஏறத்தாழ மூன்று நிமிடம் தானாகவே காத்திருக்கும். குழாயின் இரண்டு பக்கமும் கேஸ் அழுத்தம் சமமாகாமல் கிளப்பினால் மோட்டார் திணறும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் நானும் மகளும் ஒருவர் மாற்றி ஒருவர் ரிமோட்டை அமுக்கி, முதல் நாள் அந்த மூன்று நிமிடத்தை முப்பது நிமிடமாக்கினோம்.

மனைவி 16-க்கு இறக்கினாள். அவளைக் குறை சொல்ல முடியாது, தமிழ்நாட்டில் பாதி வீட்டில் இதுதான் வைத்தியம். ஆனால் ரிமோட்டில் வைக்கும் எண், எங்கே போய் நிற்க வேண்டும் என்ற உத்தரவு. எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பது அதில் இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறித் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தால் விக்கிரவாண்டி சீக்கிரம் வந்துவிடுமா? இன்வெர்ட்டர் மிஷின், வித்தியாசம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் மூச்சைப் பிடித்து ஓடும்தான். எங்களுடையது ஓடவே மாட்டேன் என்கிறதே!

சரி, கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு இரண்டை அழுத்தினேன். இருபது நிமிடம் சங்கீதம்.

“சார், உங்க லொகேஷன்?”

“திண்டிவனம்.”

“ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்.”

இங்கேதான் எனக்கு முதல் கோபம். எங்கள் ஊரில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் டி.எம்.வி. என்றுதான் பெயர் வைப்பார்கள். திண்டிவனத்தின் சுருக்கம் அது. டி.எம்.வி. 7 என்றால் எங்கோ மூலையில் கடலை போடுகிற விவசாயிக்கும் தெரியும். சிறுபாணாற்றுப்படையின் நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில், கிடங்கல் என்ற பெயரில் இன்றைக்கும் எங்கள் ஊரின் ஒரு பகுதி. இத்தனையும் இருந்து என்ன, ஒரு ஏசிக்காக நான் என் ஊரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து பின்கோடு. எங்களுடையது 604001. விழுப்புரம் 605602. வடக்கே மதுராந்தகம் 603306. அந்தக் கம்ப்யூட்டருக்கு 605 என்றால் விழுப்புரம் சென்டர், 603 என்றால் செங்கல்பட்டுப் பக்கத்துச் சென்டர். நடுவில் இருக்கிற எங்களை யார் தலையில் கட்டுவது என்று அதற்கே தெரியவில்லை. விழுப்புரத்துக்காரர், “அது எங்க ஏரியா இல்ல சார்” என்றார். செங்கல்பட்டுக்காரர், “நீங்க விழுப்புரம் டிஸ்ட்ரிக்ட்டாச்சே” என்றார். 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரித்து விழுப்புரம் மாவட்டம் வந்தது. அதில்தான் நாங்கள் இருக்கிறோம் என்று முப்பது வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள்தான் எங்களை விழுப்புரமே ஏற்றுக்கொண்டது.

முதலில் வந்த டெக்னீஷியன் காலணியைக் கழற்றும்போதே, “கேஸ் கம்மியா இருக்கும் சார்” என்றார். மிஷினைப் பார்க்கக்கூட இல்லை. ஏசி கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி எரிந்து தீருகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. சொன்னேன். மீட்டர் மாட்டிப் பார்த்தார். கேஸ் சரியாக இருந்தது. முகம் வாடிப் போய், எம்சிபியை ஒரு தடவை இறக்கி ஏற்றிவிட்டு, “ரீசெட் பண்ணிட்டேன் சார்” என்று கிளம்பினார்.

இரண்டாவதாக வந்தவர் படித்த பையன். பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். எரர் கோடு எதுவும் வரவில்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் பிசிபி என்ற மின்சுற்றுப் பலகை மேல் போயிற்று. “ஃபெஞ்சல் டைம்ல ஈரம் போயிருக்கும் சார். பிசிபி மாத்தணும். ஏழாயிரத்துக்குள்ள வரும்.”

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது எங்கள் பக்கம் பெய்த மழை சாதாரண மழை இல்லை. பக்கத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிடங்கல் ஏரித் தண்ணீர் ஊருக்குள் வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் இந்த ஏசியை நான் வாங்கியது அதற்கடுத்த மாசியில். தொங்குவது முதல் மாடியில். “தம்பி, புயல் அடிச்சப்ப இது கடையில அட்டப்பெட்டியில இருந்துச்சுப்பா” என்றேன். “அப்ப வோல்டேஜா இருக்கும் சார்” என்றார். வாரண்டி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது என்பதை அவர் என் பில்லைப் பார்த்து முன்பே தெரிந்துவைத்திருந்தார்.

அன்று ராத்திரிதான் கனடாவிலிருந்து மைத்துனன் பேசினான். “மாமா, தெர்மோஸ்டாட்டை ரீசெட் பண்ணுங்க. சுவத்துல இருந்து இழுத்தா கையோட வந்துடும். பேட்டரிய மாத்திட்டு மறுபடி மாட்டுங்க, அவ்ளோதான்.”

“எந்தச் சுவத்துலடா?”

அவன் வீட்டில் அது கூடத்துச் சுவரில், மார்பு உயரத்தில் தனியாக ஒரு சின்னப் பெட்டி. அங்கே அது பார்ப்பது குளிருக்கு. கீழ்த்தளத்தில் இருக்கும் அடுப்புக்கு, எரி, அணை என்று உத்தரவு போடும். போனைத் திருப்பிக் காட்டினான். பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. மனிதர்கள் நடமாடுகிற உயரத்தில், அவர்கள் சுவாசிக்கிற காற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது அந்தப் பெட்டி. எங்கள் வீட்டு மிஷின் எங்கே தொட்டுப் பார்க்கிறது? அறை 24-க்கு வந்துவிட்டது என்று அதற்கு யார் சொன்னது?

இத்தனை நாள் எட்டுப் பேரிடம் பேசி, இந்தக் கேள்வியை நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான் அறிவியல் வாத்தியார் வேறு. எந்த முகத்தோடு சொல்வது!

தெர்மோஸ்டாட்டின் கதையில் வருகிறவரும் ஒரு வாத்தியார்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருந்த வாரன் ஜான்சன். குளிர்காலத்தில் பாடம் நடக்கும்போதே பணியாள் வகுப்புக்குள் வந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பாராம். பிறகு கீழே போய் வெப்பக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்வாராம். தொல்லை தாங்காமல் ஜான்சன் ஒரு மின் கருவி செய்தார். வகுப்பறையில் சூடு மாறினால் கீழே பணியாளுக்கு மணி அடிக்கும். 1883-இல் காப்புரிமை வாங்கினார். அந்த மணியின் வேலையை எங்கள் வீட்டில் அம்மா பார்க்கிறார். புழுங்கினால் கீழேயிருந்து ஒரு குரல், குளிர்ந்தால் ஒரு குரல்.

அம்மாவுக்கு ஏசியில் நம்பிக்கை இல்லாமல் போனதற்கு எங்கள் பழைய ஃப்ரிட்ஜ் காரணம். அதற்குள் ஒரு திருகு இருக்கும், 1 முதல் 7 வரை. ஏழில் வைத்தால் ஏழு டிகிரி என்று அப்பா கடைசி வரை நம்பினார். அதனால் வெயில் காலத்தில் ஜில்லென்று இருக்கட்டும் என்று ஒன்றில் வைப்பார், பால் திரிந்துபோகும். அந்த எண் டிகிரியே இல்லை. எண் ஏற ஏறக் குளிர்ச்சி கூடும், அவ்வளவுதான். உள்ளே ஒரு மெல்லிய செம்புக் குழாயில் அடைத்த கேஸ், சூட்டில் விரிந்து ஸ்விட்சைத் தள்ளும், குளிரில் சுருங்கி விடும். வருஷக்கணக்கில் பால் திரிந்தது. ஒரு நாள் செஞ்சி ரோட்டில் கடை வைத்திருந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பாய் வந்து, அப்பாவிடம் சிரிக்காமல் இதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பாய் நினைவு வந்தது பன்னிரண்டாம் நாள். கடையை மூடிவிட்டாராம். கண் பார்வை குறைந்துவிட்டது. மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். படி ஏற வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஏசிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரிமோட்டைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுச் சுற்றும் கேட்டார். அவுட்டோர் உறுமியது, அடங்கியது, உறுமியது.

“தம்பி, இதுக்கு வாட்டர் வாஷ் எப்ப பண்ணாங்க?”

பங்குனியில் கம்பெனி ஆள் வந்து செய்தார் என்றேன்.

“மூடியத் தெற.”

திறந்து ஃபில்டரை எடுத்தேன். விரலால் தடவிக்கொண்டே போனார். வலது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் காலியாக இருந்தது. அதில் இருக்க வேண்டிய சென்சார், கறுப்பு வயர் நுனியில் மிளகளவு ஒரு மணி, கிளிப்பிலிருந்து நழுவி, குளிர்கிற காயில் தகட்டின் மேலேயே சாய்ந்து கிடந்தது.

பாய் விளக்கவே தேவையில்லை. அந்த மணிதான் மிஷினுக்கு நாக்கு. உள்ளே வரும் அறைக் காற்றை அது ருசி பார்க்க வேண்டும். அதற்குப் பதில் காயிலையே தொட்டுக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் ஓடிய நாலாம் நிமிடம் காயில் ஜில்லிட்டுவிடும். மணி உடனே, ‘24 தாண்டியாச்சு, நிறுத்து’ என்று சொல்லிவிடும். நாங்கள் கீழே 32-இல் வெந்துகொண்டிருப்போம். வயர் அறுந்திருந்தால் எரர் கோடு வந்திருக்கும். இது அறுபடவில்லை, இடம் மாறி உட்கார்ந்து உண்மையாகவே அளந்துகொண்டிருந்தது. அதனால்தான் அந்தப் பையனுக்குக் கோடு கிடைக்கவில்லை. ஆயிரம் தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் மணி தானாக எழுந்து கிளிப்பில் போய் உட்காராது.

அப்போதும் பாய்க்குத் திருப்தி இல்லை. சென்சாரைக் கழற்றி, மகன் கையிலிருந்த மல்டிமீட்டரில் வைக்கச் சொன்னார். ஒரு தம்ளரில் வெந்நீர், ஒரு தம்ளரில் ஐஸ் தண்ணீர். இந்த வகை சென்சார் சூடு ஏறினால் மின் தடை இறங்கும். பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம். ஐஸில் முக்கியதும் முப்பதைத் தாண்டியது, வெந்நீரில் நாலுக்கும் கீழே வந்தது. “நல்லா இருக்கு, மாட்டு” என்றார். நூறு ரூபாய் தந்தேன். ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வெந்நீரு உன்னுதுதான” என்றார்.

2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை போட்ட ஏசி எல்லாம் போட்ட உடனே 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது கணக்கு. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால், ஏசியை 20-க்குக் கீழும் 28-க்கு மேலும் வைக்க முடியாதபடி செய்யப் போகிறோம் என்றார். செய்யட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இன்னொரு வரியும் சேர்த்தால் புண்ணியமாகப் போகும்: கழுவ வருகிற ஆள் அந்த மிளகு மணியைத் திரும்ப கிளிப்பில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

பாய் வந்துபோன அன்று ராத்திரி ஒன்பதரைக்கு விழுப்புரத்திலிருந்து போன். பிசிபி சொன்ன பையன்.

“சார், உங்க கம்ப்ளெய்ன்ட் பன்னெண்டு நாளா ஓப்பன்ல இருக்கு. மேல கேக்கறாங்க. மெசேஜ்ல ஒரு ஹாப்பி கோடு வந்திருக்கும், சொல்லுங்க சார், க்ளோஸ் பண்ணிடறேன்.”

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. இன்னும் வீட்டுக்குப் போகவில்லை போல. திட்டத்தான் வாயெடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, நாலு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“தேங்க்ஸ் சார்” என்றவன், வைக்கப் போகும்போது கேட்டான்: “இப்ப ஏசி ஓடுதுங்களா சார்?”