திருச்சியில் கிறிஸ்தவர்களைப் பிரித்தது லுத்தரா?

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். கத்தோலிக்கச் சாமியாரும் சி.எஸ்.ஐ. ஐயரும் லுத்தரன் போதகரும் ஒரே மேடையில் உட்காருவார்கள், பொன்னாடை மாற்றிக்கொள்வார்கள், பிரிந்துபோன சகோதரர்கள் ஒப்புரவாக வேண்டும் என்பார்கள். நல்ல விஷயம்தான், நானும் கைதட்டுகிறேன். ஆனால் தோழர்களே, இந்த ஊரில் கிறிஸ்தவனைக் கிறிஸ்தவனிடமிருந்து பிரித்து வைத்தது மார்ட்டின் லுத்தரா?

மேலப்புதூர் உத்தரிய மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே எழுப்பிய சுவர் ஊரறிந்த கதை. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவப் பிணம், மறுபக்கம் தலித் கிறிஸ்தவப் பிணம். இரண்டுமே கத்தோலிக்கப் பிணம். அதே போப், அதே செபமாலை, அதே பூசை. இந்தச் சுவருக்கும் சீர்திருத்தச் சபைக்கும் என்ன சம்பந்தம்? காவிரிக்கு அந்தக் கரையில் ஸ்ரீரங்கத்தின் ஏழு மதிலைக் காட்டி வருணத்தைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்கிற சபைப் பெரியவர்கள், இந்தக் கரையில் இருக்கும் ஒற்றைச் சுவரைப் பற்றிப் பேச்செடுத்தால் "அது பழைய வழக்கம்" என்று நழுவுகிறார்கள்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் நீதிமானாவது விசுவாசத்தாலா, கிரியையாலா என்ற பழைய வழக்கு அதில் பெரும்பாலும் தீர்ந்தது. 2016-ல் போப் பிரான்சிஸ் ஸ்வீடனுக்கே போய் லுத்தரன்களோடு ஜெபித்தார். ஐரோப்பாவில் அதற்காக ரத்த ஆறு ஓடியிருக்கிறது, அவர்களுக்கு அது தேவை. நம்மூரில் யார் அதற்காக வெட்டிக்கொண்டார்கள்?

இங்கே சண்டை எப்போதும் வேறு. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தே நொபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். மற்ற சாதிகளுக்குப் பண்டாரசாமிகள் என்று தனிக் குருமார் 1640-லிருந்து வந்தார்கள். புராட்டஸ்டண்டு பக்கம் வாருங்கள். சாதியைக் கைவிட வேண்டும் என்று கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை விட்டார். உடனே வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். பறையரோடு ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க அவர்களுக்கு மனமில்லை. 1840-களில் லீப்சிக் லுத்தரன் மிஷன் வந்தது, சாதி விஷயத்தில் அது கெடுபிடி காட்டவில்லை. வெளியேறியவர்களில் ஒரு பகுதி அங்கே போய்ச் சேர்ந்தது. ஆங்கிலிக்கனிலிருந்து லுத்தரனுக்குத் தாவ அவர்களுக்கு இறையியல் தடையாக இருந்ததா? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து புராட்டஸ்டண்டாக வளர்ந்தவர். 1829-ல் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியவரும் அவரே. சபை மாறியது. சாதி மாறவில்லை.

இன்றைய கல்யாணச் சந்தையைப் பாருங்கள். 'ஆர்.சி. / சி.எஸ்.ஐ. பரவாயில்லை, இன்ன சாதி மட்டும்' என்கிற விளம்பரம் நமக்குப் புதிதல்ல. போப்பா, பிஷப்பா என்ற பேதம் அங்கே நிமிடத்தில் கரைந்துவிடும். அதே வீட்டுப் பெண் அதே கோயிலில் பக்கத்து பெஞ்சில் உட்காரும் தலித் கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொள்ளட்டும், அப்போது தெரியும் பிரிவினை எங்கே இருக்கிறது என்று. சமூகவியலில் இதற்குப் பெயர் அகமணம். அம்பேத்கர் 1916-லேயே சொல்லிவிட்டார், சாதியின் சாரம் அதுதான் என்று. ஆக, சாதிக் கிறிஸ்தவர்களுக்குள் ஒன்றிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. அதற்கு எந்த வாரமும் தேவைப்படவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையத்துக்குப் போகட்டும். கும்பகோணம் மறைமாவட்டத்துப் பங்கு அது. திருவிழா வரி முதல் கல்லறை வரை தாங்கள் ஒதுக்கப்படுவதாக அந்த ஊர் தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கில், 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. ஞானஸ்நானம் கொடுத்த சபையோடு ஒப்புரவாக இவர்கள் டெல்லி வரை போக வேண்டியிருக்கிறது!

இன்னொரு பக்கமும் உண்டு. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாள் என்று கத்தோலிக்க ஆயர்களும் புராட்டஸ்டண்டு ஆயர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் 1985-ல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன கேட்டது? மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதைக் காட்டுங்கள் என்றது. அந்த ஆதாரம் மேலப்புதூரில் செங்கல்லாகவே நின்றது. அரசிடம் "சபையிலும் சாதி இருக்கிறது" என்று மனு கொடுப்பதும், நாம் கேட்டால் "சபையில் ஏது சாதி" என்பதும் ஒரே வாய்தான்.

இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016-ல் தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. அப்படியானால் குருமடத்தில் எத்தனை பேர்? ஆயர் இல்லங்களில் எத்தனை பேர்? சிறுபான்மை நிறுவனம் என்பதால் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குப் பெற்ற சபைக் கல்லூரிகளில் பேராசிரியர்களாக எத்தனை பேர்? கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ., லுத்தரன் மூன்றும் சேர்ந்து ஒரே பட்டியலாக வெளியிடட்டும். கல்லறைகளைப் பொதுவாக்கும் தீர்மானத்தையும் மூன்று ஆயர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டுத் தரட்டும்.

அடுத்த ஜனவரியில் அந்த மேடை போடும்போது மாணவத் தோழர்கள் முன்வரிசையில் போய் உட்காருங்கள். கேள்வி நேரம் வைக்க மாட்டார்கள். எழுந்து நின்று கேளுங்கள்.