எழுதுகோலுக்கு விருது சரி, எங்கள் தெருவுக்கு நிருபர் எங்கே?

சென்ட்ரலுக்குள் நுழைய வேண்டிய ரயில் பேசின் பிரிட்ஜில் வந்து நிற்கும். சிக்னல் விழாது. ஐந்து நிமிடமா, அரை மணியா என்பது அன்றைய நஸீபைப் பொறுத்தது. சன்னலோரப் பயணி கால்வாய் நாற்றத்துக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கீழே தெரியும் குடிசைகளையும் கொடியில் காயும் துணிகளையும் பார்ப்பார். வண்டி நகர்ந்துவிடும். அவர் அறிந்த வடசென்னை அவ்வளவுதான்! நமது தமிழ் நாளேடுகள் அறிந்த வடசென்னையும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று சொன்னால் நிருபர் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சகோதரர்களே! பத்திரிகையாளர்களுக்கு விருதுகள் குவியும் காலம் இது. டெல்லியில் 2006 முதல் ராம்நாத் கோயங்கா பெயரால் விருது வழங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தியாவை வெளிக்கொண்டு வந்ததற்கென்றே அதில் ஒரு பிரிவு வைத்தார்கள். தமிழக அரசு 2021-ல் கலைஞர் எழுதுகோல் விருதை அறிவித்தது. பரிசு 5 லட்சம் ரூபாய். சமூக மேம்பாட்டுக்காகவும் விளிம்புநிலை மக்களின் மேம்பாட்டுக்காகவும் பங்காற்றும் இதழியலாளருக்கு என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். முதல் விருது மூத்த பத்திரிகையாளர் ஐ. சண்முகநாதனுக்குப் போனது. அந்தப் பெரியவரின் உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. நமது கேள்வி அவரைப் பற்றியதல்ல. விளிம்புநிலை மக்கள் என்று எழுதினார்களே, அந்த மக்களைப் பற்றி அன்றாடம் எழுதுவது யார்? எந்தக் கண்ணால் பார்த்து எழுதுகிறார்கள்?

இது நாம் கிளப்பும் புதுக் கேள்வியல்ல. அமெரிக்காவில் நகரங்கள் பற்றி எரிந்தபோது ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் கமிஷன் 1968-ல் அறிக்கை தந்தது. வெள்ளையர் கண்ணோடு மட்டுமே உலகைப் பார்க்கிறீர்கள், கறுப்பின மக்களை உங்கள் அலுவலகத்தில் சேர்க்கவுமில்லை, அவர்கள் வாழ்வை எழுதவுமில்லை என்று பத்திரிகைகளின் முகத்துக்கு நேரே சொன்னது. அதற்குப் பிறகுதான் அங்கே பத்திரிகை முதலாளிகளுக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. வெள்ளையரல்லாத சமூகங்களைப் பற்றிய நல்ல செய்திக்கு வட்டார அளவில் விருது தருவதும் அந்த வெட்கத்தின் விளைவுதான். ஆனால் அங்கேயும் நாற்காலிகள் லேசில் மாறிவிடவில்லை. 2000-த்துக்குள் மக்கள்தொகை விகிதப்படி ஆட்களைச் சேர்ப்போம் என்று பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் 1978-ல் உறுதி சொன்னது. 2000 வந்தது, போனது. கெடுவைத்தான் தள்ளி வைத்தார்கள்!

இங்கே கதை என்ன? 1996-ல் வாஷிங்டன் போஸ்ட் ஏட்டின் டெல்லி நிருபர் கென்னத் கூப்பர், அவரே ஒரு கறுப்பினத்தவர், ஒரு தலித் பத்திரிகையாளரிடம் கருத்துக் கேட்க வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் தேடிப் பார்த்தார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 நிருபர்களின் பட்டியலையும் அலசினார். ஒருவரும் கிடைக்கவில்லை. அதை அப்படியே பயனியர் ஏட்டில் எழுதினார். பத்தாண்டு கழித்து 2006-ல் யோகேந்திர யாதவ், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார் மூவரும் டெல்லியின் 37 செய்தி நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை. முஸ்லிம்கள் நூற்றுக்கு 3. அன்றைய மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு 13-க்கும் மேல்!

நூற்றுக்கு 3 என்றால் என்ன நடக்கும்? நோன்பு மாதத்தில் தொப்பி போட்ட அரசியல்வாதி கஞ்சிக் கோப்பையோடு நிற்கும் படம் வரும். பெருநாளன்று குழந்தைகள் கட்டித் தழுவும் படம் வரும். மீதி நாளெல்லாம் போலீஸ் கொடுக்கும் குறிப்பு, அப்படியே, எழுத்துப் பிழை உட்பட.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 14-ஆம் தேதி வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தவர்கள் மீது தடியடி நடந்தது. நம் தாய்மார்களும் சகோதரிகளும் கைக்குழந்தையோடு அங்கேயே அமர்ந்தார்கள். மார்ச்சில் கொரோனா வரும்வரை எழுந்திருக்கவில்லை. வடசென்னை முஸ்லிம் பெண் இத்தனை நாள் தெருவில் அமர்ந்ததை இந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. அவர்களில் எத்தனை பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், யார் வீட்டில் பிறப்புச் சான்றிதழ் இல்லை, எதற்குப் பயந்தார்கள்? எத்தனை நிருபர்கள் அருகில் அமர்ந்து கேட்டார்கள்? போக்குவரத்து பாதிப்பு என்ற செய்தி மட்டும் தவறவில்லை.

அடுத்த மாதமே டெல்லி தப்லீக் மாநாட்டின் பேரால் ஊரெல்லாம் நம்மை நோய் பரப்புவோர் ஆக்கினார்கள். நோயாளிக் கணக்கில் மாநாட்டுக் கணக்கு தனி! மண்ணடியில் கடை வைத்திருந்தவனையும், தள்ளுவண்டியில் பழம் விற்றவனையும் வாடிக்கையாளர் ஒதுங்கிப் பார்த்த நாட்கள் மறக்குமா? ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 29 வெளிநாட்டுத் தப்லீக் சகோதரர்கள் மீதான வழக்கை ரத்து செய்தது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பெரும் பிரச்சாரம் நடத்தின, இவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று நீதிபதிகளே எழுதினார்கள். வாசகரே, அந்தத் தீர்ப்பை உங்கள் நாளேட்டில் எந்தப் பக்கத்தில் படித்தீர்கள்? நினைவுக்கு வருகிறதா?

நமக்கு மட்டும்தான் இந்த அநீதி என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. குடியிருந்தவர்கள் எடுத்த படங்கள் பரவிய பிறகே கேமராக்கள் படியேறின. எண்ணூரில் 2023 டிசம்பர் முதல் வாரம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தது. மீனவனின் வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விபத்து நடந்தால் முதல் பக்கம். மறுவாரம் அந்த மீனவனுக்கு நஷ்டஈடு வந்ததா, மீன் விற்றதா என்று கேட்க ஆளில்லை. தலித் தெரு, மீனவர் குப்பம், நமது மஹல்லா, மூன்றும் அடுத்தடுத்துதான் கிடக்கின்றன. சினிமாக்காரன் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கத்தியைக் கொடுத்துவிட்டான். பத்திரிகைக்காரன் அந்தக் கத்தியையே தலைப்பாகப் போடுகிறான்.

உள்ளே இருப்பவன் கேமராவைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று வேண்டுமா? மீன் விற்ற தாயின் மகன் எம். பழனி குமார். மலக்குழியில் இறங்கி மாண்டவர்களின் குடும்பங்களை வீடு வீடாகச் சென்று படமெடுத்தார். 2022-ல் அவருக்கு தயாநிதா சிங் - பாரி விருது கிடைத்தது. அவர் படங்களில் மனிதர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். ரயில் சன்னல் வழியாக எடுத்த படமல்ல அது. விருது என்றால் இப்படிப்பட்ட கைக்குப் போக வேண்டும்.

எழுதுகோல் விருதுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பத்திரிகைப் பணியை முழுநேரமாகக் கொண்டவராக இருக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பகலில் லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு இரவில் தன் குப்பத்துச் செய்தியை எழுதி அனுப்பும் பையனுக்கு யார் முழுநேரச் சம்பளம் தருகிறார்கள்? வரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதி நேர நிருபர்தான் எங்கள் பகுதிக்கு வருகிறார், பெட்ரோல் காசும் அவரே போட்டுக்கொள்கிறார். முழுநேரம் என்ற கதவு, உள்ளே ஏற்கனவே அமர்ந்திருப்பவருக்கே திறக்கும். இந்த நிபந்தனையைத் தளர்த்தி, பகுதி நேர நிருபருக்கும் சிற்றிதழ்க்காரருக்கும் தனிப் பிரிவு வைக்க வேண்டும். தேர்வுக் குழுவில் இந்த மக்களிலிருந்து ஆள் வேண்டும். இது சலுகை கேட்பதாகாது. விருதின் நோக்கமாக அரசே எழுதிய வாசகத்துக்கு அது உண்மையாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

இனி நம் பக்கம் வருவோம். கசப்பாகத்தான் இருக்கும். 1882-லேயே கொழும்பில் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' நடத்தினார். அப்படித் தொடங்கிய சமுதாயம் இன்று பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைக்கக் கடன் வாங்குகிறது, இல்லாவிட்டால் துபாய்க்கு விசா எடுக்கிறது. இதழியல் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் மையத்து விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது! நமது சமுதாய ஏடுகள் மட்டும் என்ன வாழ்ந்தன? இந்த ஏட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தலைவர் வந்தார், தலைவர் பேசினார், தலைவருக்கு வரவேற்பு. ஆட்டுத்தொட்டியில் தோல் உரிக்கும் தொழிலாளியின் கூலி என்னவென்று நாம் எந்த இதழில் எழுதினோம்? பக்கத்துக் குப்பத்தின் அம்மோனியாவைப் பற்றி எத்தனை பத்தி எழுதினோம்?

வியாபாரப் பெருமக்களே, உங்களிடம்தான் கடைசியாக வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ரமலானுக்கும் பெரிய நாளேடுகளின் விளம்பரப் பிரதிநிதி பை நிறைய ரசீதுப் புத்தகத்தோடு மண்ணடிக்கும் பெரியமேட்டுக்கும் வருகிறார். பெருநாள் சிறப்பு மலர், அரைப் பக்கம், கால் பக்கம் என்று விலை சொல்கிறார். நீங்களும் கொடுக்கிறீர்கள், 2020 ஏப்ரலில் உங்கள் கடைக்கு ஆள் வராமல் செய்த அதே ஏட்டுக்கும் சேர்த்து! கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வியாபாரம் உங்களுடையது. ஆனால் ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் சென்னை அலுவலகத்தில் முஸ்லிம் எத்தனை பேர்? தலித் எத்தனை பேர்? பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரைக்கும் உங்கள் நிருபர் யார், அவர் போன் நம்பர் என்ன? பதிலை எழுதி வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கால் பக்கத் தொகையை எடுத்து வையுங்கள். உங்கள் மஹல்லாவிலோ பக்கத்துக் குப்பத்திலோ எழுத ஆசையுள்ள ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ இதழியல் கல்லூரியில் கட்டணம் கட்ட அது உதவும். எந்தப் பிள்ளை என்று தெரியவில்லையென்றால் ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலில் நின்று விசாரியுங்கள்.