முன்வைப்பில் பேச வேண்டியவர் யார்?

இன்று பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் முன்வைப்பு இல்லாத பாடத்தைக் காண்பது அரிது. இக்கல்லூரியின் பழைய மாணவியாகிய நான் இப்போது கணிதம் கற்பிக்கிறேன். மாணவியரின் முன்வைப்புகளைப் பார்த்துப் புள்ளியிடுவதும் என் கடமைகளில் ஒன்று. அங்கே நான் அடிக்கடி காண்பது இதுதான்: திரை நிறைய எழுத்து, பறந்து வரும் தலைப்பு, சுழன்று விழும் படம். பிள்ளை சபைக்கு முதுகைக் காட்டி நின்று, திரையில் இருப்பதை வரி தவறாமல் வாசித்து முடிக்கிறாள். ஒரு கேள்வி கேட்டால் விடை வருவதில்லை. பல வேளைகளில் அந்த ஸ்லைட்டுகள் அவள் செய்தவையும் அல்ல. கொமியுனிகேஷன் கடையில் காசு கொடுத்துச் செய்வித்தவை.

ஸ்லைட் எளிமையாக இருக்க வேண்டும், அதைப் பிள்ளையே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இவ்விரண்டையும் பழக்குவதற்கு லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் நன்கு உதவுகிறது.

இதன் கதை சுவையானது. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத், 1977 ஆம் ஆண்டில் தமது நூலொன்றின் புதிய பதிப்புக்கான அச்சுப் படிகளைப் பார்த்தார். அவற்றின் தரம் அவருக்குப் பிடிக்கவில்லை. நூல்களை அழகாக அச்சுக்கோப்பதற்கெனத் தாமே ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுவே டெக். 1980களில் லெஸ்லி லம்போர்ட் அதை இலகுவாகப் பயன்படுத்தும் வகையில் லேடெக்கை அமைத்தார். 2003 இல் டில் டன்டாவ் என்னும் ஜெர்மன் ஆய்வு மாணவர், தமது கலாநிதிப் பட்ட ஆய்வை முன்வைப்பதற்காக லேடெக்கில் ஸ்லைட் செய்யும் பகுதியொன்றை எழுதினார். அதன் பெயர் பீமர். ஜெர்மன் பேச்சு வழக்கில் பீமர் என்றால் புரொஜெக்டர். ஒரு மாணவர் தம் தேவைக்காகச் செய்த கருவி இன்று உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

இதில் சுட்டியால் பெட்டிகளை இழுத்து வைக்கும் வேலை இல்லை. இது தலைப்பு, இங்கே ஒரு ஃப்ரேம் தொடங்குகிறது, இவை அதன் குறிப்புகள், இங்கே முடிகிறது என்று சில கட்டளைச் சொற்களுடன் சாதாரணக் கோப்பொன்றில் எழுதுகிறோம். ஒரு ஃப்ரேம் என்பதை ஒரு ஸ்லைட் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். எழுத்தின் அளவு, இடைவெளி, நிறம் ஆகியவற்றை மென்பொருளே ஒழுங்குபடுத்தி பீடிஎஃப் கோப்பாகத் தருகிறது. பின்னமும் வர்க்கமூலமும் நூலில் உள்ளவை போலவே நேர்த்தியாக வரும். எளிய முன்வைப்புக்குப் பத்துக் கட்டளைகளே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் கண்டிப்பு. அளவுக்கு மீறி எழுதினால் எழுத்து தானாகச் சிறுத்துவிடாது. மிகுதி, திரையின் கீழே மறைந்துவிடும். எனவே எதை விடுவது, எதை வைப்பது என்று பிள்ளை யோசித்தே ஆக வேண்டும். பீமரின் கையேடு ஒரு ஃப்ரேமுக்கு 20 முதல் 40 சொற்கள் போதும் என்கிறது. நிமிடத்துக்கு ஒரு ஃப்ரேமுக்கு மேல் வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை.

ஐந்து நிமிடத்தில் டெங்கு பற்றிப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஸ்லைட்டுகள். அவற்றில் ஒன்றின் தலைப்பு: 'வாரத்துக்கு ஒருமுறை ஏன் துப்புரவு செய்ய வேண்டும்?' அதன் கீழே ஒரே குறிப்பு: 'முட்டை நுளம்பாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள்.' மீதியைப் பிள்ளை சொல்ல வேண்டும். பூச்சாடித் தட்டையும் வீசியெறிந்த சிரட்டையையும் அவள் வாயால் கேட்கும்போது சபை அவளைப் பார்க்கும்.

தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு. வீட்டில் பாமினி எழுத்துருவில் அடித்த ஸ்லைட்டை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரையில் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அந்த அவதியை நம்மில் பலர் அறிவோம். லேடெக்கின் சீலேடெக் வடிவத்தில் யூனிகோட் தமிழைப் பயன்படுத்தலாம். நோட்டோ தமிழ் போன்ற இலவச எழுத்துருவொன்றைக் குறிப்பிட்டால், அது பீடிஎஃப் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது.

குறைகளும் உண்டு. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தாலே மென்பொருள் பிழை காட்டி நின்றுவிடும். படத்தை விரும்பிய இடத்தில் வைப்பது பவர்பொயின்டில் எளிது, இங்கே கடினம். பவர்பொயின்டிலும் எளிய ஸ்லைட் செய்யலாம், பீடிஎஃப்பாகச் சேமிக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே அலங்காரம் முதலில் கைக்கு எட்டுகிறது. இங்கே கருத்தை எழுதாமல் எதுவும் தொடங்காது. கற்கும் வயதில் இந்த வரிசை முக்கியம். பிழையைத் தேடித் திருத்தும் பொறுமையும் வீண்போகாத பயிற்சியே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகளின் முன்வைப்பைக் கடையில் செய்விக்கக் காசு கொடுக்காதீர்கள். லேடெக்குக்குப் பணம் தேவையில்லை. எளிய முன்வைப்புக்குப் பழைய கணினியே போதும். கணினியில் நிறுவ முடியாவிட்டால் ஓவர்லீஃப் இணையத்தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து பழகலாம். அவள் செய்வது முதலில் கறுப்பு வெள்ளையாக, அழகில்லாமல் இருக்கலாம். இருக்கட்டும். உம்மாவும் வாப்பாவும் முன்னால் அமர்ந்து, ஐந்து நிமிடம் அவள் பேசுவதைக் கேட்டு, ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

தங்கைமாரே, நாளை நேர்முகப் பரீட்சையிலும் ஆய்வரங்கிலும் உங்களுக்காக விடை சொல்லக் கடைக்காரர் வரமாட்டார். அடுத்த தவணையில் ஒரு பாடத்துக்காவது, ஐந்தே ஸ்லைட்டுகளை நீங்களே செய்து பாருங்கள். மின்சாரம் தடைப்பட்டுத் திரை அணைந்தாலும் பேச்சைத் தொடர முடியுமானால், அந்த முன்வைப்பு உங்களுடையது.